ஒரு சாண் மண்

பிரையனி காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்னால் மூக்கால் ஒரு முறை ஆழமாக இழுத்துப் பார்ப்பாள். புகை இல்லை என்று தெரிந்த பிறகுதான் கண். நெவில் சித்தப்பா வீட்டு சோபாவில் ஒன்பது நாளாக இதுதான் அவளுடைய பள்ளியெழுச்சி.

இன்றைக்கு டீ வாசனை மட்டும் வந்தது. எழுந்து உட்கார்ந்தாள்.

ஒன்பது நாளுக்கு முன்னால் நடந்தது இது. அவர்கள் குடியிருக்கும் மில்ஸ்டோன் கோர்ட் அடுக்குமாடி முழுக்க ஊதல் அலறியது. லிஃப்ட் நின்றது. ஒற்றைக் கால் சித்தப்பாவை நாலாம் மாடியிலிருந்து இறக்குவதற்கென்று படிக்கட்டில் மாட்டியிருக்கும் மடக்கு நாற்காலியை இழுத்தால், அதன் பட்டை அறுந்து கையோடு வந்தது. பதினோரு நிமிடம் படியில் அவரைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் பிரையனி. கடைசியில் இரண்டாம் மாடியில் யாரோ ரொட்டியைக் கருக்கியிருந்தார்கள். அவ்வளவுதான் என்று எல்லாரும் சிரித்துக்கொண்டு மேலே ஏறினார்கள். பிரையனி சிரிக்கவில்லை. கீழ்த்தளத்தில் அம்மா வீட்டிலிருந்த தலையணையை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள்.

நாற்காலிக்குப் புதுப் பட்டை வந்துவிட்டது. அதில் அவரை உட்காரவைத்து இறக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆள்தான் வரவில்லை.

"சிகரெட்ட நிறுத்தினவன் மாதிரி எதுக்குடி மோந்து மோந்து பாக்குற? டீயக் குடி" என்றார் நெவில், சக்கர நாற்காலியில் கோப்பையை மடியில் இடுக்கியபடி.

"இன்னிக்கு ரெண்டு மணிக்கு அளக்க வராங்க சித்தப்பா."

"வரட்டும். நான் எங்க ஓடிடப் போறேன்?"

அந்த அளவில்தான் எல்லாம் இருந்தது. குளிர்காலத்தில் கட்டடத்தின் முன்சுவரில் ஒரு ஓட்டை போட்டுப் பார்த்தார்கள். வெளியே அழகான செங்கல், உள்ளே குளிருக்கு அடைத்த நுரை, நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் மாடிக்கு மாடி தீ ஏறாமல் ஒரு தடுப்பு வைத்திருக்க வேண்டும். ஓட்டை போட்ட இடத்தில் அது இல்லை. கட்டின கம்பெனியைக் கேட்டால் கடுதாசி வந்தது: 'பதினோரு மீட்டருக்கு மேலே போனால் நாங்கள் சரிசெய்து தரக் கடமைப்பட்டவர்கள். உங்கள் கட்டடம் தரையிலிருந்து மேல்மாடித் தளம் வரை பத்து மீட்டர் எண்பத்தாறு.'

பதினாலு சென்டிமீட்டர் குறைச்சலாம். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். அதைச் சொன்னவர் ஷெஃபீல்ட் மலைச்சரிவில் வீடு வாங்கியதில்லை.

இன்று வருவது இரு தரப்பும் ஒத்துக்கொண்ட அளவையாளர். அந்தம்மாள் எழுதுவதுதான் முடிவு.

பிரையனி கோப்பையை வைக்க இடம் தேடியபோதுதான் அலமாரியிலிருந்த படம் கண்ணில் பட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், குடிவந்த அன்று எடுத்தது. பின்சுவரோரம் அப்பா கிளைவ், கையில் சாவிக்கொத்து, முகமெல்லாம் பல். ஆறு வருடமாகிறது அவர் போய். படத்தைத் துடைத்தவளின் கட்டைவிரல் அப்பாவின் முழங்காலருகே நின்றது.

"சித்தப்பா, இந்தக் காத்துப்போக்கித் துளைக்குக் கீழ எத்தன செங்கல் தெரியுது?"

நெவில் முப்பத்தாறு வருடம் கொத்தனார். கண்ணாடி போடாமலே சொன்னார். "மூணு வரிசை. அதுக்குக் கீழ கல்லு பாவியிருக்கு."

"இப்ப ஒரு வரிசைகூட இல்ல. துளை மண்ணத் தொட்டுட்டு இருக்கு."

நெவில் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒரு வரிசை ஏழரை சென்டிமீட்டர்."

"மூணுக்கு இருபத்திரண்டரை." என்றாள் பிரையனி. "பத்து எண்பத்தாறோட இருபத்திரண்ட கூட்டுங்க."

"பதினொண்ணு எட்டு" என்றார் நெவில். "மண்ணக் கொட்டினது யாரு?"

யாரென்று இரண்டு பேருக்கும் தெரியும். வாசலில் பலகையே தொங்குகிறது: ஊரிலேயே சிறந்த பொதுத் தோட்டம், மூன்று முறை பரிசு, பொறுப்பாளர் லொரெய்ன் ஓல்ட்ராய்டு.

*

லொரெய்ன் பின்பக்கம் முழந்தாளிட்டு, ரோஜாவின் அடியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். பிரையனி படத்தை நீட்டினாள். தாய் அதைப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள், மறுபடி களையில் கை வைத்தாள்.

"அதுக்கு?"

"அதுக்கா? அம்மா, இந்த மூலைதான் இருக்கிறதுலயே பள்ளம். இங்கேருந்துதான் அளப்பாங்க. நீ போட்ட மண்ண அள்ளிட்டா அவங்க போட்ட கல்லு வந்துடும். மண்வெட்டி எங்க?"

"இந்த மூலை வேணாம். அந்தப் பக்கம் தோண்டு."

"அந்தப் பக்கம் மேடு. அங்க தோண்டி என்ன பிரயோஜனம்?"

"மொட்டு விட்டிருக்கு பாரு. இப்பப் போய்ப் பிடுங்கினா செத்துடும்."

பிரையனிக்கு முதலில் தன் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. பிறகு ரத்தம் தலைக்கேறியது.

"செத்துடுமா? சித்தப்பா சாகறது பரவாயில்லையா? அன்னிக்குப் படியில அவரு எங்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? 'நீ போயிடு கண்ணு, நான் பின்னாடி வரேன்'னாரு. ஒத்தக் கால வெச்சுக்கிட்டு, பின்னாடி வராராம். உனக்கு ரோஜாதான் பெருசா?"

லொரெய்ன் எழுந்தாள், கொட்டகைக்குப் போனாள், கதவைப் பூட்டினாள், சாவியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அறுபத்தொரு வயதுக்காரி செய்கிற காரியமா இது? ஆனால் அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் திட்டியிருக்க மாட்டீர்கள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"சரி" என்றாள் பிரையனி. "எனக்கு மண்வெட்டி வெளியில கிடைக்கும். அரை மணி நேரம் சித்தப்பா தனியா இருப்பாரு. அதையாவது ஞாபகம் வெச்சுக்கோ."

கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்கும்வரை லொரெய்ன் நின்ற இடத்திலேயே நின்றாள்.

கல் இருக்கிறது என்று அவளுக்கு மகள் சொல்லித்தான் தெரியவேண்டுமா? கம்பெனிக் கடுதாசி வந்த அன்றைக்கே தெரியும். பத்து எண்பத்தாறு என்று படித்த மாத்திரத்தில் மனசு நேராக இந்த மூலைக்குத்தான் ஓடியது. மூன்று வாரமாக மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு களை பிடுங்குகிறாள். வேறு வழி வந்துவிடும், யாராவது வேறு ஏதாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினாள்.

பதினொன்றே முக்காலுக்கு ஊதல் அலறியது.

*

மாடி மாடியாகப் பகலும் இரவும் சுற்றிவர ஒரு ஆளைப் போட்டிருந்தார்கள். புகையைக் கண்டால் ஊத வேண்டும், அதுதான் அவன் வேலை. கட்டடத்தில் எல்லாருக்கும் அவன் ஊதல்காரன். இந்த முறை அவன் ஊதியது விட்டுவிட்டு வரவில்லை. நிறுத்தாமல் ஊதினான்.

லொரெய்ன் அண்ணாந்து பார்த்தாள். மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து புகை சுவரை ஒட்டினாற்போல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே நெவிலின் ஜன்னல்.

ஆட்கள் பிள்ளைகளையும் நாய்களையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். லொரெய்ன் ஒருத்தி உள்ளே போனாள். லிஃப்ட் நின்றிருந்தது. முட்டி வலிக்காக மாத்திரை சாப்பிடுகிறவள், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினாள். இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கியது. மூன்றாம் மாடிக் கதவின் இடுக்கில் புகை நெடி. அங்கே நிற்கப் பயந்து இன்னும் வேகமாக ஏறினாள்.

நெவில் படிக்கட்டருகே சக்கர நாற்காலியில் இருந்தார். மடியில் ஈரத் துண்டு.

"எதுக்கு வந்தீங்க அண்ணி? கீழ போங்க."

"அந்த நாற்காலிய எடு. இறக்கிடலாம்."

"நீங்க ஒரு ஆளு இறக்க முடியாது. ரெண்டு பேரும் உருண்டு போவோம். போங்க, சொல்றேன்ல?"

லொரெய்ன் போகவில்லை. அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். ஈரத் துண்டைக் கிழிக்கப் பார்த்தாள், அது கிழியவில்லை. ஜன்னலுக்கு வெளியே புகை இப்போது கறுப்பாக இருந்தது. சுவருக்குள்ளே ஏறுகிறதா, வெளியே ஏறுகிறதா என்று யாருக்குத் தெரியும்? அவள் வாழ்க்கையில் இவ்வளவு பயந்ததில்லை. கிளைவ் செத்தபோதுகூட இல்லை, அப்போது அழுகைதான் இருந்தது.

"நெவில், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கிளைவ் கீழதான் இருக்கான்."

"என்ன அண்ணி உளர்றீங்க?"

"ரோஜாவுக்கு அடியில. மிட்டாய் டப்பாவுல. அவன் சாம்பல். பொது இடத்துல புதைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, அதான் யார்கிட்டயும் சொல்லல. அந்தக் கல்லு மேலதான் டப்பாவ வெச்சு மண்ணப் போட்டேன். கல்லு இருக்கிறது எனக்குத் தெரியும். மூணு வாரமாத் தெரியும்."

நெவில் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஏனோ பட்டென்று மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப விட்பி கடல்ல நாம கரைச்சது?"

"அடுப்புச் சாம்பல். தோட்டத்துல கறி சுடுவோமே, அந்த அடுப்புது." லொரெய்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க குடும்பமே கடல்ல கரைக்கிற குடும்பம், நான் என்ன பண்ணட்டும்? அவனுக்குக் கடலக் கண்டாலே வாந்தி. என்னால அனுப்ப முடியல நெவில். ஜன்னலத் திறந்தா அங்க இருக்கணும்னு தோணிச்சு."

சிரித்துவிடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். எதையும் கேலி செய்கிற மனுஷன். ஆனால் நெவிலின் முகம் தொங்கிப்போனது.

"எல்லாரும் காருக்குப் போனப்புறம் நான் தனியா நின்னேன், ஞாபகம் இருக்கா? அந்தத் தண்ணிகிட்ட மன்னிப்பு கேட்டேன் அண்ணி."

"எதுக்கு மன்னிப்பு?"

கீழேயிருந்து ஊதல்காரனின் குரல் வந்தது. "அணைஞ்சிடுச்சு. பூந்தொட்டி. யாரும் பயப்பட வேணாம்."

நெவில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்றாம் மாடிக்காரன் சிகரெட் துண்டைப் பூந்தொட்டியில் நசுக்கியிருக்கிறான். தொட்டியில் செடி எப்போதோ காய்ந்துவிட்டது, மண்ணும் சருகாகக் காய்ந்திருந்தது. கடையில் வாங்குகிற தோட்ட மண் பாதி மக்கிய இலைதழைதான், காய்ந்தால் வறட்டிக்குச் சமம். உள்ளுக்குள்ளேயே கனன்று, பிளாஸ்டிக் தொட்டியை உருக்கி, பால்கனிப் பலகையைப் பிடித்திருக்கிறது. ஊதல்காரன் பூவாளியால் அணைத்திருக்கிறான். சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி. இன்னும் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால், என்று சொல்ல ஆரம்பித்தவன் லொரெய்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அந்தத் தொட்டி ஈஸ்டருக்கு வீடு வீடாக லொரெய்ன் கொடுத்தது.

பிரையனி மூச்சிரைக்க ஓடி வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள். கடன் வாங்கின மண்வெட்டி மகள் கையில் இருந்தது. லொரெய்ன் மேலங்கிப் பையிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்தாள்.

"அத வை. என்னோடது கூர்மையா இருக்கும்."

*

சரியாக இரண்டு மணிக்கு அளவையாளர் பெம்பர்டன் அம்மாள் வந்தாள். கூடவே கம்பெனி ஆள், தேயாத பூட்ஸ், தேய்த்த சட்டை. ரோஜா மூலையை லொரெய்ன் இன்னும் தொடாமல் வைத்திருந்தாள். சாட்சியோடு தோண்ட வேண்டும் என்று நெவில் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இன்னிக்கு இருக்கிற தரைதான் தரை" என்றான் கம்பெனி ஆள். "யார் வேணா எங்க வேணா குழி தோண்டிட்டு உயரம் கூடிடுச்சுன்னு சொல்லலாமா?"

"குழியில நீங்க போட்ட கல்லு இருந்தா அது குழி இல்ல" என்றாள் பெம்பர்டன். "தோண்டுங்கம்மா."

லொரெய்ன் ரோஜாவைச் சுற்றி வட்டமாக வெட்டினாள், வேர்மண்ணோடு தூக்கிச் சாக்கில் வைத்தாள். அந்தப் பக்குவத்தைப் பார்த்துக் கம்பெனி ஆளே விலகி வழிவிட்டான். மறுபடி மண்வெட்டியை இறக்கினாள். டங் என்றது.

"தகரம்" என்றான் கம்பெனி ஆள். "கல்லு இல்ல."

லொரெய்ன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் மண்ணை விலக்கினாள். துருப்பிடித்த மிட்டாய் டப்பா. அதை எடுத்து, தன் மேலங்கி முனையால் துடைத்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா அது?" என்றாள் பிரையனி.

"உங்கப்பா."

பிரையனிக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் உதடு கோணியது. "விட்பில நான் அழுதேனே, அது யாருக்கு?"

"அழுகை அவருக்குத்தான் கண்ணு. சாம்பல்தான் வேற."

வேறொரு நாளாயிருந்தால் அங்கேயே ஒரு யுத்தம் நடந்திருக்கும். ஆனால் டப்பா இருந்த பள்ளத்தில் சதுரமாக ஒரு சாம்பல்நிறக் கல் தெரிந்தது. பெம்பர்டன் தண்ணீர் கேட்டு வாங்கிக் கழுவினாள். கல்லின் ஓரத்தில் தண்ணீர்க்குழாய் மூடி, அதில் கம்பெனியின் பெயர் வார்ப்பு. இப்போது கம்பெனி ஆள் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டான்.

பெம்பர்டன் கருவியை வைத்தாள், பார்த்தாள், மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"பதினோரு மீட்டர் எட்டு சென்டிமீட்டர்."

பிரையனி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா, மகள், நடுவே டப்பா. சந்தோஷப்பட ஒரு நிமிடம் கிடைத்தது அவர்களுக்கு. ஒரே நிமிடம்.

"உயரம் உங்களது, ஒத்துக்கறேன்" என்றான் கம்பெனி ஆள், மொபைலை மூடிக்கொண்டே. "முன்சுவர்ல குறை இருக்கு, அதச் செய்வோம். இந்தப் பின்சுவர் ப்ளான்படி கட்டினது, எங்க ஃபைல்ல எல்லாத் தடுப்புக்கும் டிக் இருக்கு. இல்லைன்னு சொல்றதா இருந்தா, அன்னிக்கு வேலை பார்த்தவங்க யாராவது வந்து சொல்லட்டும். ஒம்பது வருஷமாச்சு. எங்க போய்த் தேடுவீங்க?"

"தேட வேணாம்."

லிஃப்ட் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. நெவில் சக்கரங்களை உருட்டிக்கொண்டு புல்லோரம் வரை வந்திருந்தார். ஈரத் துண்டு இன்னும் மடியில் கிடந்தது.

"இந்தச் சுவரக் கட்டினது நான்தான்" என்றார். "தடுப்புச் சரக்கு வந்து சேரல. நிக்காம கட்டுன்னு மேஸ்திரி சொன்னாரு, கட்டினேன். வந்ததும் செருகிக்கலாம்னாங்க. செங்கல் மூடினப்புறம் எங்க செருகறது? கீழேருந்து எங்க ஜன்னல் வரைக்கும் ஒண்ணுகூட இல்ல."

பிரையனி தலையைத் தூக்கி, மூன்றாம் மாடிக் கரியிலிருந்து நாலாம் மாடி வரை பார்த்தாள். ஐந்து நிமிடம் என்று ஊதல்காரன் பாதியில் விட்டது லொரெய்னுக்கு இப்போது முழுசாகக் கேட்டது.

"அண்ணன் வாங்கலாமான்னு என்னைத்தான் கேட்டான்" என்றார் நெவில். இப்போது அவர் லொரெய்னை மட்டும் பார்த்தார். "நல்ல சுவர்டா, நான் கட்டினதுன்னு சொன்னேன்."

பெம்பர்டன் புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பினாள். "இத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"நல்லா யோசிச்சுக்கங்க" என்றான் கம்பெனி ஆள், முதல் முறையாகக் குரலைத் தணித்து. "தெரிஞ்சே கட்டினதா எழுதினா, கேஸ் எங்க மேல மட்டும் வராது."

நெவில் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. லொரெய்னை நோக்கி இரண்டு கையையும் நீட்டினார், டப்பாவுக்காக.

லொரெய்ன் ஓர் அடி பின்னால் போனாள். டப்பாவை அணைத்த கை இறுகியது.

"மொதல்ல கையெழுத்துப் போடு" என்றாள்.